கயிற்றை விடச் சொன்னவர்

“...நீங்க பிடிக்கிறதுல கெட்டிதாம்ணே, அத நான் இல்லன்னு சொல்லவே இல்ல. ஆனா இந்த வேலைல நான் பாக்கிறது, நீங்க எப்பிடி விடுறீங்கன்னுதான். விட மாட்டேன்னா இன்னிக்கு நீங்க கயித்துப் பக்கம் வர வேண்டாம்.”

இதைச் சொன்னவருக்கு அப்போது என் மூத்த மகளின் வயதுகூட இருக்காது. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டு ஊரில் பிறந்து, படித்து, எங்கள் கம்பெனியில் சரக்கு தூக்கும் வேலைக்கு மேற்பார்வையாளராக வந்தவர். வேலைக்கு வரும்வரை பேருந்து ஜன்னலில் கடலைப் பார்த்ததோடு சரி என்று அவரே சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டு நின்றவர் சூசை. கடலிலேயே பிறந்ததுபோல வளர்ந்தவர். எங்கள் கேங்கில் கயிற்றில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களையெல்லாம் இப்போது ஆட்களுக்குப் பொறுப்பாகப் போடப்போகிறார்கள். அதற்கு முன்னால் பழைய ஆள் ஒருவன் ஏதாவது எழுதித் தரட்டும் என்று கேட்டார்கள். வேலையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதற்குப் பயிற்சி இருக்கிறது, படம் போட்ட புத்தகம் இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மீதியெல்லாம் துறைமுகத்தில் ஆட்கள் பேசக் கேட்டுக் கற்றதுதான். அதனால் எனக்குத் தெரிந்தது ஆட்களைப் பற்றி மட்டும். மேற்பார்வையாளர் என்றால் யார் என்று எனக்குக் காட்டியவர் அந்தப் பெண். அவர் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். கேங்கில் எல்லோரும் வைத்த பெயர் ‘டீச்சர்’. நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவருக்கு முன்னால் எத்தனையோ பேரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். நிலக்கரித் தளத்தில் ஒருவர் இருந்தார். நல்ல உழைப்பாளி, கை சுத்தம், ஆனால் வாயைத் திறந்தால் ஏச்சுதான். அவரைப் பற்றி எங்கள் கிரேன் டிரைவர் ஒருவர் சொல்லுவார்: “அவரு வாரதுக்கு முன்னாடி அவரு சத்தம் வந்துரும். அதுக்குள்ள நாம நல்லபிள்ளையாயிரலாம்.” ஒருநாள் கரி அள்ளும் பக்கெட்டின் இரும்பு வடத்தில் இழைகள் பிரிந்து நின்றன. டிரைவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. “சொல்லிருவமா?” என்று கேட்டேன். டிரைவர் சொன்னார், “சொன்னா முதல்ல என் காது போவும் அண்ணாச்சி. அறுந்தா யாரு கால் போவும்னு யாருக்குத் தெரியும்? பொறவு பாப்பம்.” அறுந்தது. கீழே யாரும் இல்லாத நேரம் பார்த்து அறுந்ததால் நாங்கள் பிழைத்தோம். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அவரிடம் கெட்ட செய்தி போய்ச் சேர வழி இல்லை, அவ்வளவுதான்.

சரி, டீச்சர் கதைக்கு வருகிறேன்.

அப்போது எங்களுக்குக் காற்றாலை இறக்கைகளைக் கப்பலில் ஏற்றுகிற வேலை. பிளேடு என்றுதான் சொல்வோம். ஒரு பிளேடு கிடந்தால் ஒரு தெரு நீளத்துக்குக் கிடக்கும். அடிப்பக்கம் பனைமரங்களைச் சேர்த்துக் கட்டியதுபோல் பருமன், நுனிப்பக்கம் மீன்வால்போல் மெலிவு. காற்றைப் பிடிப்பதற்கென்றே செய்த ஒரு பொருளை, காற்றடிக்கும் கடற்கரையில், அந்தரத்தில் தொங்கவிடுகிற வேலை. யோசித்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம்தான்.

கப்பலின் இரண்டு கிரேன்கள் சேர்ந்து தூக்கும், ஒரு தடவை தூக்குவதை லிஃப்ட் என்போம். நான் சிக்னல்மேன், கிரேனை ஓட்டுகிறவர்கள் என் கையைப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள், இறக்குவார்கள். பிளேடு காற்றில் திரும்பிவிடாமல் இருக்க அதன் இரண்டு முனையிலும் கயிறு கட்டி, கீழே கப்பல் அணைகிற தளத்தில் ஆட்கள் பிடித்துக்கொண்டே நடப்பார்கள். காற்று லேசாக இருக்கும்வரை அது கன்றுக்குட்டி. கொஞ்சம் பலமாக அடித்துவிட்டால் எத்தனை பேர் பிடித்தாலும் நிற்காது. அப்போது பிடித்திருப்பவனைக் கயிறு இழுத்துக்கொண்டு போகும். அந்த நேரத்தில் கையை விரித்து விட்டுவிட வேண்டும், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கக் கூடாது. இது எல்லோருக்கும் சொல்லித் தருகிற விதிதான். தெரிந்தும் எவரும் விடமாட்டார்கள் என்பதுதான் விஷயம்.

டீச்சர் வந்த முதல் வாரமே ஒரு வழக்கம் கொண்டுவந்தார். காலையில் முதல் பிளேடைத் தூக்குவதற்கு முன்னால் கயிற்றுக்காரர்கள் வரிசையாக நிற்க வேண்டும். கயிற்றின் மறுமுனையை இரண்டு பேர் பிடித்து இழுப்பார்கள். டீச்சர் “விடு!” என்று சத்தம் கொடுத்ததும் இரண்டு கையையும் விரித்து, உள்ளங்கையைக் காட்ட வேண்டும்.

கேங்கில் ஒரே சிரிப்பு. “நகம் வெட்டியிருக்கான்னு பாக்காவ போல,” என்றார் ஒருவர். டீச்சர் என்ற பெயர் அன்றைக்கு விழுந்ததுதான்.

சூசை மட்டும் சிரிக்கவில்லை. “என்ன மேடம், காலைல வந்ததும் வராததுமா விடு விடுங்கிய? எங்க வீட்டுல பொறந்தவன் பிடிச்ச கயித்த விட்டான்னு எங்கனயாவது கேட்டிருக்கியளா?” என்றார்.

வெளியூர் ஆட்களுக்கு இது வெறும் வீம்பாகத் தெரியும். எங்கள் கடற்கரை ஆட்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். சங்கு குளிக்கப் போகிறவர் தண்ணீருக்குள் இறங்கினால், அவரைக் கட்டிய கயிற்றின் மறுமுனை மேலே வள்ளத்தில் ஒருவர் கையில் இருக்கும். அந்தக் கயிற்றைக் கண்டவர் கையிலும் கொடுத்துவிட மாட்டார்கள். முத்துக்குளித்த காலத்திலிருந்தே பெண்டாட்டியின் உடன்பிறந்தவனிடம் கொடுப்பதுதான் சூசை வீட்டு வழக்கம். தன் அக்காவோ தங்கையோ தாலி அறுக்கக் கூடாதே என்கிற பயம் அவனுக்குத்தானே இருக்கும். சூசை தன் அக்கா புருஷனுக்கு அப்படிக் கயிறு பிடித்தவர். துறைமுகத்தில் வேலை இல்லாத நாட்களில் அப்போதும் பிடித்துக்கொண்டிருந்தவர். அவரிடம் போய்க் கயிற்றை விடப் பழகு என்றால்? எங்கள் கேங்கில் பாதிப்பேர் இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர்கள். கயிற்றில் கெட்டிக்காரர்கள் என்றுதான் அவர்களைத் தேடித் தேடி எடுத்தார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனமே ஆளைக் கொல்லும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் டீச்சர் நான் முதலில் எழுதியதைச் சொன்னார். சூசை அன்றைக்குக் கயிற்றைத் தொடவில்லை. வேறு வேலை கொடுத்துவிட்டார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். டிரெய்லரின் நிழலில் நானும் சூசையும் உட்கார்ந்திருந்தோம். டீச்சர் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். சமாதானம் பேசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“அண்ணே, கீழ போனவருக்கு ஏதாச்சும்னா உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“கயித்துல தெரியும்லா. சுண்டி இழுத்தாருன்னா தூக்கணும். சில சமயம் இழுக்கவே மாட்டாரு, ஆனா கயிறு ஒருமாதிரி கனக்கும். அப்பமும் தூக்கிருவேன்.”

“அவரு கூப்பிடாமலேயா?”

“கூப்பிடுவாருன்னு காத்துக்கிட்டா கெடக்க முடியும்? மேல வந்ததும் ஏசுவாரு, எதுக்குல தூக்குனன்னு. ஏசட்டும். ஏசுததுக்கு ஆளு மேல வந்துட்டாருலா.”

டீச்சர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். சூசையின் கைகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அங்க உசுரு கயித்தோட அந்த முனைல இருக்கு. இங்க அந்த முனைல என்னண்ணே இருக்கு? பிளேடு. போனா வேற செஞ்சுக்கிருவாங்க. உசுரு இந்த முனைலதான் நிக்கிது. இந்த முனைக்கும் வீட்டுல ஒருத்தர் இருக்காங்கல்ல?”

சூசை மென்றுகொண்டிருந்த சோற்றை விழுங்கினார். “டீச்சரு நல்லாத்தான் மடக்குதிய,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து கைகழுவப் போனார்.

மறுநாள் காலை அவரும் வரிசையில் நின்றார். “விடு!” என்றதும் கைகளை விரித்தார். முகத்தில் அப்படி ஒரு கூச்சம். எதிரே நின்ற ராசா சும்மா இருப்பாரா? முத்தையாபுரத்து ஆள், வாய்க்காரர். “ஏலே சூசை, கோயில்ல ஜெபத்துக்கு நிக்க மாதிரியே நிக்கியலே! மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தியும் பொருத்திரு!” என்றார். கேங்கே சிரித்தது. இந்தமுறை சூசையும் சிரித்தார்.

இதுவரை நடந்ததைப் பார்த்தே அவரை நல்ல மேற்பார்வையாளர் என்று சொல்லிவிடலாம். ஆனால் நான் வியந்து நின்றது இதற்குப் பிறகு.

மேலக்காற்று தொடங்குகிற பருவம் அது. உப்பளப் பக்கமிருந்து புழுதியோடு அடிக்கும். கிரேனில் காற்றை அளக்கக் கருவி உண்டு. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிடுவோம். அப்படி ஒருநாள் மத்தியானம் அது அளவுக்குள்தான் காட்டியது. பிளேடு தளத்திலிருந்து எழும்பிக் கப்பலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நுனிப்பக்கக் கயிறு இரண்டு. ஒன்றில் சூசை, சற்றுத் தள்ளி இன்னொன்றில் ராசா. காற்று கப்பல் பக்கமாகத் தள்ளுவதால் இருவரும் கரைப்பக்கமாக நின்று பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி நடந்தார்கள்.

திடீரென்று சூசை கையை விரித்துவிட்டார்.

யாரும் சத்தம் கொடுக்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மூச்சில் காற்று வந்து விழுந்தது. பிளேடின் நுனி வாசல்கதவுபோலத் திரும்பிக் கப்பலின் பக்கவாட்டில் உரசியது. அந்தச் சத்தம் இன்றும் என் பல்லில் இருக்கிறது. நான் இரண்டு கையையும் நீட்டி நிறுத்தினேன். காற்று வந்த வேகத்திலேயே அடங்கியது. பிளேடை மெதுவாகத் தளத்தில் இறக்கினோம். நுனியில் ஒரு நீளமான தழும்பு.

பிளேடுக்குச் சொந்தக்காரக் கம்பெனியின் அதிகாரி ஒருவர் சென்னையிலிருந்து வந்து தளத்திலேயே நின்றிருந்தார். நேராக வந்தார். “யார் கயித்த விட்டது?” என்றார்.

சூசையே முன்னால் வந்தார். “நாந்தான் சார்.”

“உங்களுக்கு ‘விடு’ன்னு யாராவது சொன்னாங்களா?”

“இல்ல சார். கயிறு ஒருமாதிரி கனத்துச்சு.”

“கனத்துச்சா! பக்கத்துல நிக்கிறவர் பிடிச்சுட்டுதானே இருந்தார்? அவருக்குக் கனக்கலையா?” என்று கேட்டுவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார். “இவரோட பாஸை வாங்கிட்டு கேட்டுக்கு வெளிய அனுப்புங்க. அப்புறம்தான் அடுத்த லிஃப்ட்.”

உங்களுக்கு இது புரிய வேண்டும். துறைமுகத்துக்குள் நுழைகிற பாஸ் போனால் வேலை போனதுதான். சூசைக்குப் போவது அது. எங்களுக்கோ அதைவிடப் பெரியது ஒன்று போகவிருந்தது. விட்டவனை வெளியே அனுப்பிவிட்டால், அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் எவன் கயிற்றை விடுவான்? காலையில் விரித்துக் காட்டுகிற உள்ளங்கையெல்லாம் வெறும் கூத்தாகிவிடும். அடுத்த காற்றுக்கு ஒருவன் கையில் சுற்றிக்கொண்டே போய்ச் சேருவான்.

நான் டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். சூசைக்காகச் சண்டை பிடிப்பார், இல்லையென்றால் தலையை ஆட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நேராக ராசாவிடம் போனார்.

“அண்ணே, நீங்க ஏன் விடல?”

ராசாவுக்கு விளங்கவில்லை. “நான் விடலயே மேடம். நான் பிடிச்சிட்டுல்லா நின்னேன்.”

“அதாண்ணே கேக்கிறேன். ஏன் விடல? கையக் காட்டுங்க.”

ராசா கையைப் பின்னால் கொண்டுபோனார். டீச்சர் அசையாமல் நின்றார். கடைசியில் ராசா கையை நீட்டினார். கையுறை கிழிந்து, உள்ளங்கைத் தோல் சுருண்டிருந்தது.

டீச்சர் அதிகாரியை அழைத்துத் தளத்தின் விளிம்பைக் காட்டினார். அங்கே நீளத்துக்கு ஒரு தடுப்புக்கட்டை ஓடும், முழங்கால் உயரம்கூட வராது. அதற்கு அப்பால் கப்பலுக்கும் தளத்துக்கும் நடுவே இடுக்கு. விழுந்தால் ஆளை எடுக்க முடியாது. புழுதியில் ராசாவின் பூட்ஸ் இழுபட்ட தடம் தெளிவாகக் கிடந்தது. அது அந்தக் கட்டையில் போய் முட்டித்தான் நின்றிருந்தது.

“கயிறு அவரு கைய அறுத்துக்கிட்டு நழுவுச்சு சார். நழுவலன்னா அவரு உள்ள போயிருப்பாரு. நாம எல்லாரும் பிளேடப் பாத்துக்கிட்டு இருந்தோம்.”

தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார், ஆனால் பிளேடைப் பார்த்துக்கொண்டிருந்தது நாங்கள். டீச்சர் பார்த்தது ஆட்களின் காலை. சிக்னல்மேனாக எத்தனையோ வருஷம் நின்றவன் நான். என் பத்தடி தூரத்தில் ஒரு மனிதன் சாவின் விளிம்புவரை இழுபட்டுப்போய் நின்றிருக்கிறான். நான் பார்க்கவில்லை. அவர் பார்த்திருக்கிறார்.

ராசா அப்போதுதான் பேசினார். “நீங்க சத்தம் குடுக்கலயே மேடம். அவன் விட்டுட்டான், நானும் விட்டா பிளேடு போயிரும்னு...”

“சரிதாண்ணே. நான் சத்தம் குடுக்கல. எனக்குக் காத்து வந்தது தெரியாது. மெஷினுக்கும் தெரியல. சூசையண்ணனுக்குக் கயித்துல தெரிஞ்சிருக்கு.” பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: “ஒருத்தர் விட்டா அந்தப் பாரம் முழுசும் அடுத்தவர் கைக்குப் போகும். அப்போ எல்லாரும் விடணும். அத நான் உங்களுக்குச் சொல்லிக் குடுக்கல. என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கப் பழக்கிட்டேன். தப்பு எங்கிட்டதான்.”

வெளியிலிருந்து வந்த பெரிய அதிகாரி பக்கத்தில் நிற்கிறார். கப்பல்காரர்கள் மேலே கம்பியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பேர் நடுவில், தன் ஆட்களிடம், குரலை உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் இதைச் சொன்னார்.

“இனிமே ‘விடு’ங்கிறது என் வார்த்தை இல்ல. கயிறு பிடிக்கிற யாருக்கு முதல்ல தெரிஞ்சாலும் சத்தம் குடுக்கலாம். குடுத்தா எல்லாரும் விடணும். அண்ணாச்சி, நீங்க கிரேன நிறுத்தணும். தேவையில்லாம விட்டுட்டோம்னு பின்னாடி தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது. அதுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்.”

கடைசி வார்த்தையில் எங்கள் பேச்சு அவர் வாயில் வந்துவிட்டதை அவரே கவனிக்கவில்லை.

அதிகாரிக்கு முகம் சிவந்திருந்தது. ஆனால் அந்தத் தடத்தை அவரும் பார்த்துவிட்டாரே. போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்ப் பேசினார். திரும்பி வந்து, “அடுத்த லிஃப்ட்டை நான் பாக்கிறேன். அதே ஆள், அதே கயிறு. இன்னொரு கீறல் விழுந்தா இவரோட பாஸோட உங்க பாஸும் போகும்,” என்றார்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பதைப்பு வேண்டாம். இரண்டு பேர் பாஸும் போகவில்லை. கப்பல் நிறைந்து கிளம்பியது. அந்தத் தழும்புக்குக் கம்பெனியில் டீச்சர்தான் நின்று பதில் சொன்னார், ஏச்சும் வாங்கினார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை தளத்தில் “விடு!” என்று சத்தம் வந்தது. சில தடவை காற்று வந்தது, சில தடவை வரவே இல்லை. வராத தடவைகளில் யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று தெரியும்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது அந்த அடுத்த லிஃப்ட்டைப் பற்றி.

ராசாவை மருந்து போட அனுப்பிவிட்டு அவர் இடத்தில் வேறு ஆளை நிறுத்தினோம். சூசை கயிற்றை எடுத்தார். காற்று விட்டுவிட்டு அடித்துக்கொண்டுதான் இருந்தது. நான் கையைத் தூக்கத் தயாரானேன். அப்போது அதிகாரி டீச்சரிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

“எப்ப விடணும்னு அவங்களே முடிவு பண்ணுவாங்கன்னா, நீங்க இங்க எதுக்கு மேடம்?”

டீச்சர் என்னைப் பார்த்து, “மேல நீங்க பாத்துக்கிடுங்க அண்ணாச்சி,” என்றார். நடந்துபோய், தளத்தின் விளிம்புக்கும் கயிற்றுக்காரர்களுக்கும் இடையில், பாரம் கடந்து போகிற வழிக்கு விலகி நின்றார். பிளேடு தரையை விட்டு எழும்பியது. அதிகாரி பார்த்தார், கப்பல்காரர்கள் பார்த்தார்கள், அந்தத் தளத்தில் இருந்த அத்தனை தலையும் அதோடு சேர்ந்து மேலே நிமிர்ந்தது. அவர் மட்டும் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, குனிந்து, சூசையின் கால்களைப் பார்க்கத் தொடங்கினார்.